முதலில் வாளி, பிறகு கால்

மார்ச் 4

பனி உருகி முற்றமெல்லாம் சேறு. ஒரு பூட்ஸ் சேற்றிலேயே நின்றுவிட, நான் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றேன். ஏழு குதிரைகளும் கழுத்தை நீட்டி வேடிக்கை பார்த்தன.

அண்ணி இறந்து ஐந்து மாதம். அண்ணனுக்குத் துணையாக நான் இங்கே வந்து மூன்று மாதம். இந்த லாயம் முழுக்க அண்ணியின் தலைக்குள் இருந்திருக்கிறது. எந்தக் குதிரைக்கு என்ன தீனி, எதற்கு எப்போது லாடம் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அண்ணனைக் கேட்டால், "அதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும்" என்கிறான். சவாரி கற்றுக்கொள்ள வருகிறவர்களோடு மைதானத்தைச் சுற்றுவான், உள்ளே வந்து படுத்துவிடுவான்.

குளிர்காலத்தை எப்படியோ ஒப்பேற்றிவிட்டோம். வசந்தம் அப்படி விடாது. குளிர்கால முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது. சேற்றில் ஊறிய கால்களில் புண். இன்னும் பத்து நாளில் புதுப்புல் தலைகாட்டும். ஓர் ஒழுங்கு வேண்டும்.

மார்ச் 6

தீனி அறைச் சுவரில் பலகை மாட்டிவிட்டேன். குதிரைக்கு ஒரு வரிசை, வேலைக்கு ஒரு கட்டம், அதன் தலையில் செய்கிறவர் பெயர், முடித்ததும் சுண்ணக்கட்டியால் ஒரு டிக்.

அண்ணி காலையில் லாயத்துக்குள் நுழைந்ததும், கழுத்துத் துணியைக்கூட அவிழ்க்காமல், முதல் வேலையாக ஒவ்வொரு குதிரையின் குளம்பையும் தொட்டுப் பார்ப்பார். மற்றதெல்லாம் அப்புறம்தான். விருந்தாளியாக வந்த காலத்தில் கேலி செய்திருக்கிறேன்: "என்ன அண்ணி, தினமும் காலைத் தொட்டுக் கும்பிடறீங்க, ஏதாவது வரம் குடுத்துச்சா?" சிரித்துவிட்டு அடுத்த குதிரைக்குப் போய்விடுவார்.

குளம்பு பார்க்க வேண்டியதுதான். வசந்தப் புல்லில் இனிப்பு அதிகம். அது ஒத்துக்கொள்ளாத குதிரைக்குக் குளம்புக்குள் வீக்கம் கண்டு சூடேறும். ஆனால் ஏழும் பசியில் கதவை உதைக்கிற நேரத்தில் போய்க் குனிந்து காலைத் தொடுவது என்ன முறை? மாற்றிவிட்டேன். முதலில் வாளிகளை வெந்நீரில் கழுவு, தீனி வை, அவை தின்னும்போது கால் பார். அரை மணி நேரம் மிச்சம்.

அண்ணன் பலகையைப் படித்துவிட்டு, "சட்டாம்பிள்ளை வந்தாச்சு" என்றான். சிரித்த மாதிரி இருந்தது. நான் வந்ததிலிருந்து முதல் தடவை.

மார்ச் 11

எல்லாம் எட்டு மணிக்குள் முடிகிறது. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 15

புல் வந்துவிட்டது. காலையில் தரையில் உறைபனி, பத்து மணிக்கு நல்ல வெயில். இன்று ஆளுக்கு இருபது நிமிடம் மட்டும் மேய்ச்சல். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதாகப் பலகையில் எழுதியிருக்கிறேன்.

பெரியவளைத் திரும்பக் கூட்டி வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும் என்று சும்மாவா சொன்னார்கள்? பதினெட்டு வருஷமாக அண்ணியின் குதிரை. வயது இருபத்திரண்டு. லாயத்திலேயே மூத்தவள் என்பதால் பெரியவள். மாலையில் அண்ணன் அவளுடைய வாளியைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் உட்கார்ந்து அவளோடு பேசிக்கொண்டிருப்பான். மனிதர்களோடு அவ்வளவு பேசுவதில்லை.

"இவ இருக்கற வரைக்கும் அவ பாதி இருக்கற மாதிரி" என்று இன்றைக்கு என்னிடம் சொன்னான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 19

பெரியவள் மெதுவாக நடக்கிறாள். திரும்பும்போது காலை எண்ணி எண்ணி வைக்கிறாள். வயசாகிவிட்டது, பாவம். குளம்பு பார்த்தேன், சூடு இல்லை. டிக்.

மார்ச் 22, ஞாயிறு

சண்டை. பெரியவளுக்கு இன்று நாற்பது நிமிடம்தான். அண்ணன் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்து விட்டிருக்கிறான்.

"பாவம், அவ கேட்டா."

"குதிரை கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

நான் கத்திவிட்டேன். பலகை எதற்கு மாட்டியிருக்கிறது, அழகுக்கா?

மார்ச் 24

பெரியவள் கொட்டிலை விட்டு வெளியே வரவில்லை. முன்னங்கால்களை முன்னால் நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னால் போட்டுக்கொண்டு நிற்கிறாள். உடம்பெல்லாம் வேர்வை.

கால்நடை டாக்டரம்மா வந்து எக்ஸ்ரே எடுத்தார். குளம்புக்குள் இருக்கும் எலும்பு பிடி விட்டுக் கீழே சாய்ந்திருக்கிறதாம், இரண்டு முன்னங்காலிலும்.

"இவ்வளவு ஆகணும்னா ஒரு வாரத்துக்கு மேல சூடு இருந்திருக்கணுமே. தினமும் தொட்டுப் பாக்கறீங்களா?"

"தினமும் நான்தான் பாக்கறேன். சூடே இல்லை" என்று அவரைப் பலகைக்கு அழைத்துப்போய் டிக்குகளைக் காட்டினேன். ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை.

டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். "அப்போ திடீர்னுதான் ஏறியிருக்கு. சமீபத்துல புல்லு அதிகமா மேஞ்சுதா?"

"ஞாயித்துக்கிழமை" என்றான் அண்ணன். "நான்தான் விட்டேன்."

மார்ச் 26

மருந்து, குளம்புக்குப் பனிக்கட்டித் தண்ணீர், மரத்தூள் மெத்தை. புல் அடியோடு கிடையாது. காலையில் தொட்டுப் பார்த்தேன், லேசான வெதுவெதுப்புதான். "குறைஞ்சிருக்குண்ணா" என்றேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஆனாலும் சாப்பிடுவதில்லை. நான்தான், நான்தான் என்கிறான். விடுண்ணா என்று வாய் சொல்கிறது. மனதின் ஒரு மூலையில் 'அப்பவே சொன்னேனே' என்றும் இருக்கிறது. யார் படிக்கப்போகிறார்கள், எழுதிவிடுகிறேன்.

மார்ச் 28

கீசர் கெட்டுவிட்டது. வெந்நீர் இல்லாமல் வாளி கழுவ முடியாது, அதனால் நேரே கால் பார்க்கப் போனேன். விரல்கள் விறைத்திருந்தன. முதல் கொட்டில் கருப்பன் — குளம்பு கல் மாதிரி சில்லென்று.

பெரியவள் — கையை இழுத்துக்கொண்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்.

வெதுவெதுப்பு என்றேனே? முந்தாநாள்தானே சொன்னேன்? ஒரே நாளில் ஏறிவிட்டதா?

மார்ச் 29

கீசர் சரியாகிவிட்டது. நினைத்ததைச் சோதித்துப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

வழக்கம்போல வெந்நீரில் ஏழு வாளி, ஆனால் வலது கையால் மட்டும். இடது கை வெளிக்காற்றில். பிறகு பெரியவளின் ஒரே குளம்பில் இரண்டையும் வைத்தேன். இடது கைக்குக் கொதிக்கிறது. வலது கைக்கு ஒன்றுமே இல்லை.

ஒன்றுமே இல்லை. இந்தக் கையால்தான் மூன்று வாரமாக டிக் போட்டிருக்கிறேன்.

அண்ணி கழுத்துத் துணியைக்கூட அவிழ்க்காமல் போனது இதற்குத்தானா? கை சூடாகும் முன்பே தொட்டுவிட. ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? நான் எங்கே கேட்டேன், கேலியல்லவா பண்ணினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. என் ஒழுங்கு. என் அரை மணி நேரம்.

அந்த எக்ஸ்ட்ரா ஒரு மணி நேரத்துக்கு முன்பே அவள் கால் வெந்துகொண்டிருந்திருக்கிறது. பத்தொன்பதாம் தேதியே எண்ணி எண்ணி நடந்தாளே. அன்றைக்கே தெரிந்திருந்தால் புல்லை நிறுத்தியிருப்பேன்.

அண்ணனிடம் சொல்ல வேண்டும். இன்றைக்கு அவன் முகம் சரியில்லை. நாளைக்கு.

மார்ச் 31

மறுபடி எக்ஸ்ரே. எலும்பு இன்னும் இறங்கி, குளம்பின் அடிப்பக்கத்தைத் துளைக்கப்போகிறது. அண்ணன், "வேற வழியே இல்லையா?" என்று மூன்று தடவை கேட்டான். டாக்டரம்மா மூன்று தடவையும் பொறுமையாக இல்லை என்றார்.

நாளைக் காலை கடைசி ஊசி. நான் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 1

முடிந்தது. ஊசி போடும்போது அண்ணன் அவள் தலையை மடியில் வைத்திருந்தான்.

நினைவாக வைத்துக்கொள்ள, பின்னங்கால் லாடங்களைக் கழற்றித் தர லாடக்காரர் வந்திருந்தார். போகும்போது என்னிடம், "நீங்க தினமும் பாத்தீங்கம்மா. உங்க மேல குத்தம் இல்லை" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டினேனே, பாவி.

ஏப்ரல் 5

அண்ணன் சாப்பாட்டு மேஜையில் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அவ ஆஸ்பத்திரியில இருந்தப்போ, கடைசி நாள், நான் ஒரு மணி நேரம் லேட்டாத்தான் போனேன். இப்பவும் ஒரு மணி நேரம். என் கையில எது குடுத்தாலும் இப்படித்தான் ஆகுது."

அவன் தட்டில் குழம்பு ஊற்றினேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. என்ன பயம்? திட்டுவான் என்றா? இல்லை. இந்த வீட்டில் நான் மட்டும்தான் எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறவள். அது போய்விடும். அதுதான் பயம்.

ஏப்ரல் 6

சொல்லிட்டேன். வாளி, வெந்நீர், ரெண்டு கை, எல்லாத்தையும். உன் ஒரு மணி நேரம் இல்லைண்ணா, அதுக்கு முன்னாடியே வந்துடுச்சு, நான்தான் கண்டுபிடிக்கலைன்னு.

அப்புறம் ஒரே கேள்வி.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"இருபத்தொம்பதாம் தேதி."

விரல் விட்டு எண்ணினான். "ஒன்பது நாளா என்னைப் பாத்துக்கிட்டே இருந்திருக்க."

குதிரையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. எழுந்து போயிட்டான்.

ஏப்ரல் 7

பேசவில்லை.

ஏப்ரல் 9

பேசவில்லை. ஆனால் இரண்டு வேளையும் சாப்பிடுகிறான். அந்த மட்டும் பாரம் அவனை விட்டு இறங்கியிருக்கிறது. எங்கே இறங்கியது என்று எனக்குத் தெரியும்.

பெட்டியைக் கட்டலாமா என்று யோசித்தேன். போ என்று அவனும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

கால் பார்க்கலாம் என்று ஆறு மணிக்கு முன்பே, கையைக் கோட்டுப் பையில்கூட விடாமல், லாயத்துக்குப் போனேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் கடைசிக் கொட்டிலில் குனிந்திருந்தான். கழுத்தில் அண்ணியின் துணி. இரண்டு உள்ளங்கையாலும் குளம்பைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

தீனி அறைக்குப் போனேன். பலகையில் ஆறு வரிசைதான் இருந்தது. 'கால்' முதல் கட்டத்துக்கு வந்திருந்தது. அதில் இருந்த என் பெயரை அழித்துத் தன் பெயரை எழுதியிருந்தான். என் பெயர் 'வாளி'க்கு நேரே இருந்தது, வேறெங்கும் இல்லை.

அவன் பின்னாலேயே வந்து ஆறு டிக் போட்டான்.

"வாளி நீ கழுவு" என்றான். ஆறு நாளில் முதல் பேச்சு.

குழாயைத் திறந்து தண்ணீர் சூடாகும் வரை நின்றேன். ஆறு வாளி கழுவினேன். ஏழாவது மூலையில் இருந்தது. அதையும் கழுவி, பெரியவளின் கொட்டிலில் கொண்டுபோய், அவன் உட்காரும் இடத்தில் கவிழ்த்து வைத்தேன்.