கேட்காமல் கொடுத்த மாத்திரை

பாய்,

இன்று காலை கடையில் ஒரு மருந்து பாட்டில் என் கை தவறி விழுந்துவிட்டது. நெஞ்செரிச்சலுக்குக் குடிப்பார்களே, ரோஸ் நிறத்தில் கூழ் மாதிரி இருக்குமே, அந்த மருந்து. மூடி தெறித்துத் தரையெல்லாம் கொட்டிவிட்டது. மூன்று முறை துடைத்தும் புதினா வாசனை போகவில்லை. மத்தியானம் வரைக்கும் வந்தவர்கள், "என்ன சார், கடை கமகமன்னு இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

காலை பதினோரு மணிக்கு உங்கள் மேல் வீசிய வாசனை அது.

மெயின்கார்டுகேட் பக்கத்துத் தெருவில் பத்தொன்பது வருடம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் நீங்களும் இருந்தோம். என்னுடையது மருந்துக் கடை. உங்களுடையதை யாராவது பெட்டிக் கடை என்று சொன்னால், "பெட்டிக் கடை இல்லங்க, சூட்கேஸ் கடை" என்று திருத்துவீர்கள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் உங்களிடம்தான் பெட்டி வாங்குவார்கள். அட்டைப்பெட்டியோடு வந்தால் அதற்குக் கயிறும் கட்டி, மார்க்கர் பேனாவால் பேரைப் பெரிதாக எழுதியும் கொடுப்பீர்கள். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து, காவிரிப் பாலத்து நெரிசலைத் தாண்டி வந்து சேர்வதற்குள் என் கடை வாசலுக்கும் தண்ணீர் தெளித்திருப்பீர்கள். எனக்கு நீங்கள் பாய். உங்களுக்கு நான் மருந்துக்காரர். பேர் சொல்லிக் கூப்பிட்ட ஞாபகமே இல்லை.

நீங்கள் இளைத்துப்போன அந்த வருடம், "வாக்கிங் போறேன் மருந்துக்காரரே" என்றீர்கள். நான் நம்பினேன். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட என்னிடம்தான் ஊசி வாங்கிப் போனீர்கள். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஊருக்கு வெளியே ஒரு மருத்துவமனையில் உங்களுக்கு ரத்தப் புற்றுநோய் என்று சொல்லி, தினம் ஒரு மாத்திரை விழுங்கச் சொல்லியிருந்தார்கள். அது எதுவும் எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டம்மாவைத் தவிர யாருக்குமே தெரியாது. மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். என் கடை முன்னால் எந்நேரமும் நாலு பேர் நிற்பார்கள். ஒரு காதில் விழுந்தது தெருக்கோடி வரைக்கும் போகும். அதனால் அந்த மாத்திரையை என்னிடம் கேட்காமல் அங்கேயே வாங்கிக்கொண்டீர்கள்.

நெஞ்செரிச்சலுக்கு மட்டும் என்னிடம் வந்தீர்கள். அந்த ரோஸ் மருந்தை எப்போதாவது ஒரு மூடி குடிப்பீர்கள். அதோடு விட்டிருக்கலாம். ஒருநாள் நான்தான் உங்களைக் கேலி செய்தேன்.

"என்ன பாய், பச்சப்புள்ள மாதிரி இதையே குடிச்சிட்டு இருக்கீங்க? இந்த மாத்திரையப் போடுங்க. காலையில வெறும் வயித்துல ஒண்ணு. அமிலத்தையே அடக்கிரும்."

ஸ்ட்ரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "இது வேற எதையும் ஒண்ணும் பண்ணாதே?"

"நானே சாப்பிடுறேன் பாய்."

நீங்கள் இன்னும் ஏதோ சொல்ல வந்தீர்கள். அதற்குள் நான் அடுத்தவர் நீட்டிய சீட்டை வாங்கிப் படிக்க ஆரம்பித்திருந்தேன். டாக்டர் சீட்டு இல்லாமல் தரக் கூடாத மாத்திரை அது. பக்கத்துக் கடைக்காரர், பழகின மனுஷர் என்று எடுத்து நீட்டினேன். தீரத் தீர நீங்கள் கேட்காமலே அடுத்த ஸ்ட்ரிப்பைச் சுவர் ஓரமாக நீட்டுவேன். ஐந்து மாதம் அப்படிக் கொடுத்தேன்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து வந்தீர்கள். வெயிலில் தெரு ஓய்ந்து கிடந்தது. கடையில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் படியேறினீர்கள். பேர் இருக்கும் இடத்தை மடித்துவிட்டு ஒரு லேப் ரிப்போர்ட்டை நீட்டினீர்கள்.

"புதுக்கோட்டையில மச்சான் ஒருத்தர் இருக்காருல்ல. அவருக்கு. என்ன போட்டிருக்குன்னு பாருங்களேன்."

பார்த்தேன். ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அளந்து பார்க்கும் பரிசோதனை. போன தடவை எண்ணும் கீழே அச்சாகியிருந்தது.

"போன தடவைக்கு இப்ப நல்லா ஏறியிருக்கு பாய். மாத்திரைய ஒழுங்கா சாப்பிடுறாரா?"

"ஒருநாள்கூட விட்டதில்ல." பதில் ரொம்ப வேகமாக வந்தது. "மாத்திரைக்கு நோய் மசியாம போயிருச்சோ என்னவோன்னு டாக்டரம்மா மாத்திரைய மாத்தணும்னு சொல்றாங்களாம். ஒம்பது நாள்ல வரச் சொல்லியிருக்காங்களாம்."

மாத்திரையின் பேரைக் கேட்டேன். எழுத்துப் பிசகாமல் சொன்னீர்கள். அந்த மாத்திரையை நான் விற்றதில்லை. போனில் அதன் விவரக் குறிப்பை எடுத்து வரிவரியாகப் படித்தேன். ஒரு வரியில் என் விரல் நின்றுவிட்டது.

"பாய், இந்த மாத்திரை கரையறதுக்கு வயித்துல அமிலம் வேணும். அமிலத்த அடக்குற மாத்திரையச் சேர்த்துச் சாப்பிட்டா இது சரியா ரத்தத்துல ஏறாதாம். உங்க மச்சான் கேஸ் மாத்திரை ஏதும்..."

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தேன். நீங்கள் மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

"அஞ்சு மாசம்," என்றீர்கள்.

மடித்திருந்த காகிதத்தை நீங்களே பிரித்துக் காட்டினீர்கள். உங்கள் பேர்.

என்னைக் கையைப் பிடித்து உங்கள் கடைக்குள் அழைத்துப் போனீர்கள். மேல் தட்டில், விற்பனைக்கு வைத்திருப்பது போலவே இருந்த ஒரு சின்னப் பெட்டியை இறக்கி, எண் பூட்டைத் திருகித் திறந்தீர்கள். உள்ளே மாத்திரை டப்பாக்கள், ரிப்போர்ட்டுகள், மருத்துவமனையில் தமிழில் அச்சடித்துக் கொடுத்த ஒரு தாள். அதில் நாலாவது வரி: நெஞ்செரிச்சலுக்கு எந்த மாத்திரையும் எங்களைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். முதல் நாள் படித்து, யார் கண்ணிலும் படக் கூடாது என்று பூட்டியதோடு சரி. அப்புறம் அந்தத் தாளை நீங்கள் எடுத்ததே இல்லை.

"இன்னிலேருந்து ரெண்டு ரெண்டா போட்டு ஈடு கட்டிரலாமா?" என்று கேட்டீர்கள். உங்கள் கை ஏற்கெனவே டப்பா மேல் இருந்தது.

"வேணாம் பாய். தொடாதீங்க. ரெட்டிப்பா போட்டா அது வேற எங்கயாவது கொண்டுபோய் விட்ரும். முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போன் போடுவோம்."

"போட்டா, யாரு குடுத்தான்னு கேப்பாங்கல்ல?" என்னைப் பார்த்தீர்கள். "உங்க பேரச் சொல்ல மாட்டேன் மருந்துக்காரரே. நானா எங்கயோ வாங்கிச் சாப்பிட்டேன்னு சொல்லிக்கிறேன்."

இதை உங்களிடம் நேரில் நான் சொன்னதே இல்லை. இப்போது எழுதுகிறேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. நோய் ஏறி நிற்கும் மனிதர் நீங்கள். நிம்மதி அடைந்தவன் நான். போன் பேசிவிட்டுச் சொல்லுங்கள் என்று என் கடைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் சட்டம் போட்ட என் லைசென்ஸ் தொங்கியது. அதைப் பார்த்தபடியே ஒரு மணி நேரம் இருந்திருப்பேன். நடுவில் ஒருவர் இருமல் மருந்து கேட்டார். என்ன எடுத்துக் கொடுத்தேன் என்று ஞாபகமில்லை.

மறுபடி உங்கள் கடைக்கு வந்து பார்த்தால், நீங்கள் அந்தப் பெட்டி பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தீர்கள். போனே போடவில்லை. "திட்டுவாங்க. ஒம்பது நாள் கழிச்சுப் போறப்பவே சொல்லிக்கிறேனே," என்றீர்கள். அப்போதுதான் எனக்குப் பயம் முழுசாகப் பிடித்தது. நான் பேசாமல் இருந்தால், நீங்களும் பேசாமலே இருந்துவிடுவீர்கள். மாத்திரை தோற்றுவிட்டது என்று நினைத்து அவர்கள் மாற்றிவிடுவார்கள்.

தாளில் இருந்த எண்ணுக்கு நானே போன் போட்டேன். எடுத்த நர்ஸம்மா தெளிவாகப் பேசினார். கேஸ் மாத்திரையை இப்போதே நிறுத்த வேண்டும். புற்றுநோய் மாத்திரையை நிறுத்தவும் கூடாது, கூட்டவும் கூடாது, வழக்கமான நேரத்துக்கு ஒன்று. "நாளைக்குக் காலையிலயே வந்துருங்க. சாப்பிடுற எல்லா மாத்திரையையும் பையில போட்டு எடுத்துட்டு வாங்க."

மறுநாள் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் நீங்கள். மடியில் அந்தப் பெட்டி.

டாக்டரம்மா பெட்டியில் இருந்ததையெல்லாம் மேஜையில் பரப்பி, கேஸ் மாத்திரை ஸ்ட்ரிப்பைக் கையில் எடுத்தார். "இதை யார் எழுதிக் குடுத்தா?"

"நானாத்தான்..." என்று நீங்கள் தொடங்கினீர்கள்.

"நான் குடுத்தேன் டாக்டர்," என்றேன். "பக்கத்துல மெடிக்கல் வச்சிருக்கேன். என்ன மாத்திரை சாப்பிடுறாருன்னு கேக்காமக் குடுத்தேன்."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "நீங்க கேட்டிருக்கணும்." உங்கள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லியிருக்கணும்." பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "நாங்களும் ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கணும்."

மாத்திரையை மாற்றுவதை நிறுத்திவைத்தார். நோயே இந்த மாத்திரைக்கு மசியாத மாதிரி மாறிவிட்டதா என்று பார்க்க இன்னொரு பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். அதே மாத்திரை, தினமும் அதே நேரம், உடைக்காமல் நசுக்காமல் முழுசாக. எரிச்சல் தாங்கவே முடியாவிட்டால் அந்த ரோஸ் மருந்து மட்டும். அதுவும் மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் முன்னாலோ பின்னாலோதான். இனிமேல் சளிக்கோ பூஞ்சைத் தொற்றுக்கோ நாட்டு மருந்துக்கோ, எதற்குமே முதலில் ஒரு போன். மூச்சு வாங்கினால், காய்ச்சல் வந்தால் காத்திருக்கவே கூடாது. மறுபரிசோதனை மூன்று மாதம் கழித்து.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் பேச்சை எடுத்தீர்கள். "நான் மறைச்சேன், நீங்க கேக்கல. விடுங்க." வெளியே பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்.

அந்த மூன்று மாதம் எப்படிப் போனது என்று உங்களுக்கே தெரியும். ஒன்பது மணிக்கு மாத்திரை. பத்து மணிக்கெல்லாம் எரிச்சல் தொடங்கிவிடும். நெஞ்சைத் தடவிக்கொண்டு என் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பதினோரு மணி ஆனதும் ஒரு மூடி ஊற்றித் தருவேன். ஒரு நிமிடம் முன்னால் தந்ததில்லை. ஒருநாள் சுருண்டு உட்கார்ந்து, "தாங்க முடியல, குடுத்துருங்க," என்று கை நீட்டினீர்கள். மணி பத்தே முக்கால். முடியாது என்றேன். அந்தக் கால்மணி நேரம் நீங்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நானும் நின்றேன்.

முதலில் வந்தது நோய் மாறவில்லை என்ற ரிப்போர்ட். மூன்று மாதம் கழித்து வந்தது எண் இறங்கியிருக்கிறது என்ற ரிப்போர்ட். பழைய இடத்துக்கு வரவில்லை, ஆனால் நன்றாக இறங்கியிருந்தது. என் கடைக்குள் வந்து மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதீர்கள். வெளியே ஆட்கள் நின்றார்கள். அன்றைக்கு நீங்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

அதற்கடுத்த வாரமே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் உங்கள் நோயைப் பற்றி நீங்களே சொல்லிவிட்டு வந்தீர்கள். "அத்தா, நீங்க எதுக்குச் சொன்னீங்க?" என்று மகள் அழுததாகச் சொன்னீர்கள். சம்பந்தம் கலைந்துவிடும் என்று நானும்தான் பயந்தேன். அவர்கள் இரண்டு நாள் ஒரு பதிலும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் தகப்பனார் உங்கள் கடைக்கே வந்து, "கல்யாணத்துல ஓடியாடாதீங்க, உக்காந்து பாருங்க, போதும்" என்றார். கல்யாணத்தன்று நீங்கள் உட்காரவே இல்லை. நான் பார்த்தேன்.

இரண்டு வருடம் கழித்து எண் மறுபடி ஏறியது. இந்தத் தடவை நோய் நிஜமாகவே மாறிவிட்டிருந்தது. மாத்திரையை மாற்றினார்கள், பிறகு இன்னொன்றுக்கு மாற்றினார்கள். போன மழைக்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். கபர்ஸ்தான் வரைக்கும் உங்களைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

நாற்பது நாள் கழித்து அந்த டாக்டரம்மாவைப் பார்க்கத் தனியாகப் போனேன். "அந்த அஞ்சு மாசத்தாலயா டாக்டர்?" என்று கேட்டேன். இல்லை என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் பொய் சொல்லவில்லை. "சொல்ல முடியாதுங்க. அது இல்லாமயும் இப்படி ஆகலாம். அதனாலதான்னோ, அதனால இல்லவே இல்லைன்னோ நான் சொன்னா அது தப்பு." எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான், பாய். நீங்கள் விடச் சொன்னதை நான் இன்னும் விடவில்லை.

போன வாரம் திருவெறும்பூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். தலையில் முக்காடு மாதிரி சேலையைப் போட்டிருந்தார். கூட்டத்துக்கு நடுவில் கேஸ் மாத்திரை கேட்டார். "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?" என்றேன். முகம் சுருங்கியது. "கேட்டத குடுங்க சார். இல்லன்னா வேற கடை இல்லையா?" என்று படியிறங்கிவிட்டார்.

கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். ஜூஸ் கடையைத் தாண்டி ஆளில்லாத இடத்தில் அவரை நிறுத்தினேன். தெருவில் அப்படி ஓடியது எனக்கே வெட்கமாக இருந்தது. "அம்மா, அங்க எல்லாருக்கும் முன்னாடி கேட்டது என் தப்பு. இங்க யாரும் இல்ல. எனக்கு மட்டும் சொல்லுங்க," என்றேன்.

அவர் தெருவின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, ஒரு மாத்திரை டப்பாவின் போட்டோவைக் காட்டினார்.