விளக்கெண்ணெய் விட்ட சக்கரம்

மதினி,

முதலில் வாசம்தான் வந்தது. பிறகுதான் புகை கண்ணுக்குத் தெரிந்தது. விளக்கெண்ணெய் சூட்டில் கருகும்போது ஒரு வாசம் வருமே, தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று நிற்குமே, அதே வாசம், உங்கள் வாசம். அடுப்பு எதுவும் பக்கத்தில் இல்லை. விளக்கும் இல்லை. பசுவந்தனை ரோட்டில் இருந்து பிரிகிற வண்டிப்பாதையில், பேத்தி கோமதியின் புது வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. இங்கே எப்படி வந்து நிற்கிறீர்கள் என்று ஒன்றும் புரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

“என்ன ஆச்சி தேடுதீங்க?” என்று கோமதி கேட்டாள்.

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

கோமதியை நீங்கள் கடைசியாகப் பார்த்தபோது இரட்டைச் சடை போட்டிருந்தாள். உங்கள் தம்பியின், அவள் தாத்தாவின், ஜாடை அப்படியே. இப்போது பெரிய வேலையில் இருக்கிறாள், ஜீப் ஓட்டுகிறாள். அதற்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்க ஒரு வண்டி வாங்கியிருக்கிறாள். வண்டி என்றா சொல்வது, இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு வீடு. படுக்க இரண்டு கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ்கூட உண்டு. கேரவன் என்கிறாள் அவள். வண்டி தெருவுக்குள் நுழைந்த அன்று, “என்ன ஆச்சி, உங்க வீட்டுல ஐஸ் யாவாரமா?” என்று கேட்காத ஆள் இல்லை. “ஐஸ் இல்லடே, இது என் வீடு. ஒங்க வீடு நடக்குமா? என் வீடு நடக்கும்” என்றேன். எனக்கென்ன, என் பேத்தி வாங்கியது!

எனக்கு முட்டு மடங்குவதில்லை. பஸ் படி ஏற முடியவில்லை. நாலு வருடமாகப் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகவில்லை. படுத்துக்கொண்டே போய் வரலாம் என்றுதான் இவள் இதைச் செய்ய வைத்தாள். முதல் பயணம் சாஸ்தாவுக்கு என்று முடிவு. கோயிலுக்கு முன்னால் ஓடை வரைக்கும் ஒரே சரிவாக இறங்குமே, அந்த இறக்கம் உங்களுக்கு மறந்திருக்காது. இந்த வீட்டைப் பின்னால் கட்டிக்கொண்டு அங்கே இறங்க வேண்டும். பின்வண்டியில் பிரேக் பிடிக்கவில்லை என்றால் அது ஜீப்பை முட்டித் தள்ளிக்கொண்டு போய்விடும். உத்திரத்துக்கு மூன்று நாள் இருந்தது. இடது சக்கரம் பிடிக்கவில்லை.

முன்னால் ஜீப்பில் மிதித்தால் பின்னால் இருக்கிற வண்டி எப்படி நிற்கும் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கம்பி வழியாகக் கரண்டு போகிறதாம். அது சக்கரத்துக்குள் இருக்கிற காந்தத்தை எழுப்புகிறதாம். காந்தம் இரண்டு கட்டைகளை விரிக்க, அவை டிரம் என்கிற இரும்புச் சட்டியின் உள்வயிற்றில் அழுந்தி நிறுத்துகின்றனவாம். புது வண்டி கொஞ்ச தூரம் ஓடியதும் கட்டைகள் தேய்ந்து படிந்து இடைவெளி கூடிவிடுமாம். அதனால் ஊர் வந்து சேர்ந்ததும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லிக் கூட வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. கோமதி புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அவளே செய்தாள். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தின் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டையில் இருக்கும் ரப்பர் மூடியை எடுத்து, ஸ்குரூ டிரைவரை உள்ளே விட்டு, ஒரு பல் சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தள்ளினாள். முதலில் வலது, பிறகு இடது.

மறுநாள் காலையில் வண்டிப்பாதையில் ஓட்டிப் பார்த்தோம். ஜீப்பில் அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டி இருக்கிறது. அதை அமுக்கினால் பின்வண்டி மட்டும் பிடிக்கும். அமுக்கினாள். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுத்துக்கொண்டு நின்றது. “எந்தப் பக்கம் இழுக்குதுன்னே தெரியலயே ஆச்சி!” என்று இறங்கி வந்தாள். எனக்குத் தெரிந்தது. கரிசல் புழுதி காட்டிக்கொடுத்தது. வலது சக்கரம் நின்றபடி இழுபட்டு ஒரு முழ நீளத்துக்குக் கோடு கிழித்திருந்தது. இடது சக்கரமோ கோலம் போட்ட மாதிரி டயரின் பூவைப் பதித்துக்கொண்டு உருண்டு வந்திருந்தது.

“ஏட்டி, இடது நிக்கவே இல்ல. அச்சுப் பாரு.”

“ஆச்சி! நீங்க இஞ்சினியரா போயிருக்கணும்.”

அஞ்சாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்களே என்றேன். தலை கனத்துத்தான் போயிற்று, பொய் சொல்லவில்லை.

இடது பக்கம் இன்னும் நாலு பல் இறுக்கினாள். ஓட்டினாள். பிடிக்கவில்லை. மறுபடி நாலு பல். அப்போதும் பிடிக்கவில்லை. கையால் சுற்றினால் சக்கரம் நகர மாட்டேன் என்கிறது, ரோட்டில் போனால் நிற்க மாட்டேன் என்கிறது. அவளுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. அந்த மூன்றாவது ஓட்டத்தில்தான் சக்கரத்தில் இருந்து புகை வந்தது, நீங்கள் வந்தீர்கள். என் கை தானாக இடுப்பைத் தொட்டது. அங்கே உங்கள் விளக்கெண்ணெய்க் குப்பி இருந்தது. பாதிதான் இருந்தது.

முந்தின நாள் நடந்ததை இப்போது சொல்கிறேன். இடது சக்கரத்தில் கோமதி வேலை முடிக்கும்போது அவளுக்குப் போன் வந்தது. ரப்பர் மூடியைக் கழற்றித் தரையில் வைத்தபடியே பேசிக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் போய்விட்டாள். நான் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். சர்... சர்... என்று உரசுகிற சத்தம். நம் காதுக்கு அந்தச் சத்தம் என்ன, மதினி? காய்ந்த அச்சு. பக்கத்தில் ஒரு ஓட்டை வேறு திறந்திருக்கிறது. தையல் மெஷினில் ஓட்டை எதற்கு? எண்ணெய் விட. கிணற்று உருளையில் எதற்கு? எண்ணெய் விட. நான் யாரையும் கேட்கவில்லை. புது வண்டி முதல் பயணம் போகுமுன் அச்சுக்கு எண்ணெய் விடாமல் நம் வீட்டில் யார் கிளப்பியிருக்கிறோம்? சாஸ்தாவே என்று சொல்லிக் குப்பியைச் சரித்தேன். சத்தம் அடங்கியது. பெருமையாக இருந்தது.

அந்த உரசல் இருக்க வேண்டியது, அது இருந்தால்தான் பிரேக் சரி என்று பிறகுதான் தெரிந்தது.

வாசத்தோடு இன்னொன்றும் வந்தது. நீங்கள் நினைத்திருப்பீர்கள். நான் வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டாவது வருடம், உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் புறப்பட்ட காலை. புருஷன் வீட்டில் இருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்துவிட்ட நீங்கள்தான் நம் வீட்டு மாட்டுவண்டியை ஓட்டுவீர்கள். ஆம்பளைகள் ஓட்டினால் முரண்டு பிடிக்கிற மயிலைக் காளை உங்கள் ‘ஏய்’ ஒன்றுக்குத் தலை ஆட்டும். அன்று குப்பியை என்னிடம் தந்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனீர்கள். திரும்பி வந்து, “ஏட்டி, எண்ணெ விட்டியா?” என்றீர்கள்.

“விட்டேன் மதினி.”

விடவில்லை. பொங்கல் பானைக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தேன், பிறகு பூ வைத்துக்கொண்டிருந்தேன், மறந்துபோனேன். கேட்டபோது ‘இல்லை’ என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே பொம்பளை நான். படித்தவள் மறக்கலாமா?

பாதி வழியிலேயே சக்கரம் கத்த ஆரம்பித்தது. அந்த இறக்கத்தில் போய் இறுகிப் பூட்டிக்கொண்டது. காளை சறுக்கி முன்னங்கால் முட்டி தேய்ந்து ரத்தம் வந்தது. மாமா குதித்து இறங்கினார். “எண்ணெ போட்டது யாரு?”

நான் தரையைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு, “நாந்தாம்ப்பா மறந்துட்டேன்” என்றீர்கள்.

மாமா உங்கள் கையில் இருந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டார். ஊர் திரும்பும்வரை நீங்கள் வண்டிக்குப் பின்னால் நடந்தே வந்தீர்கள். மாமா இருந்தவரைக்கும் அந்தக் கயிறு உங்கள் கைக்குத் திரும்பி வரவே இல்லை. மயிலைக் காளையை விற்றபோதுகூட நீங்கள் தொழுவத்துப் பக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு எங்கே கிளம்பினாலும், டவுன் பஸ்ஸில் எட்டயபுரம் போனால்கூட, “ஏட்டி, எண்ணெ விட்டியா?” என்று என்னைக் கேட்பீர்கள். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அது கேலியா, குத்தலா, எனக்குச் சொல்ல ஒரு வாசலைத் திறந்துவைத்தீர்களா? இத்தனை வருடமும் யோசித்துவிட்டேன், பிடிபடவில்லை. கடைசியில் படுக்கையில் கிடந்தபோதும் கேட்டீர்கள். உங்கள் தலைக்கு எண்ணெய் வைத்தேனா என்றுதான் கேட்கிறீர்கள் போல என்று நினைத்து, “விட்டேன் மதினி” என்றேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். தூக்கம் வந்து திருப்பினீர்களா, அதுவும் தெரியவில்லை.

கோவில்பட்டியில் டிராக்டர் டிரெய்லர் வேலை பார்க்கிற பாய் பட்டறைக்கு வண்டியை மெதுவாகக் கொண்டுபோனோம். பாய்க்கு அறுபது வயது இருக்கும். சக்கரத்தைக் கழற்றி டிரம்மை இழுத்தார். உள்ளே கட்டைகளின் மேல் ஒட்டியிருக்கிற லைனிங் கருகல் பிடித்துப் பளபள என்று நனைந்திருந்தது. விரலால் தொட்டு மூக்கில் வைத்தார். என்னைப் பார்த்தார். என் இடுப்பைப் பார்த்தார்.

“அச்சு கிரீஸ அடைக்கிற சீல் கசிஞ்சிருக்கும் தாயி” என்று கோமதியிடம் சொன்னார். “எண்ணெ பட்ட லைனிங் எப்படிப் பிடிக்கும்? வழுக்கத்தான் செய்யும். ரெண்டு பக்கமும் புதுசு மாத்திருவோம்.”

அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்காக மூடுகிறார். அப்பாடா என்றிருந்தது. அடுத்த நிமிடமே கோமதி போனை எடுத்தாள்.

“புது வண்டில சீல் கசியுமா? இத நான் சும்மா விடப்போறதில்ல.”

கரூர்ப் பக்கத்தில் இந்த வண்டியைக் கட்டித் தந்த பட்டறை முதலாளி போனில் வந்தார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போட்டிருந்தாள். சக்கரம் மாட்டியது யார் என்று கோமதி அதட்ட, அவர் ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். அந்தக் குரல் நடுங்கியது.

“நான்தான் மாட்டினேங்க மேடம். ரெண்டு தடவை பாத்தேனுங்க. ஒருவேளை... நான்தான் கவனிக்காம விட்டுட்டனோ என்னமோங்க.”

முதலாளி குறுக்கே வந்தார். “மன்னிச்சுக்கங்க. இனிமே இந்தப் புள்ளையைச் சக்கர வேலைல விடமாட்டேன். பெயிண்டுக்கு மாத்திடறேன்.”

மதினி, எனக்கு ஒரு நிமிடம் எந்த வருடத்தில் நிற்கிறேன் என்றே தெரியவில்லை. பாய் பட்டறையா, அந்த இறக்கமா? இரும்புத் தூள் கிடக்கிற தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் தரையைத்தான் பார்த்தேன்.

“ஏட்டி கோமதி, அந்தப் போன இங்கன குடு.”

“நீங்க சும்மா இருங்க ஆச்சி.”

“குடுட்டீ!”

வாங்கினேன். எந்தப் பக்கம் பேச வேண்டும் என்று தெரியாமல் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சொன்னேன். “ஐயா, எண்ணெ விட்டது நாந்தான். கோமதியோட ஆச்சி பேசுதேன். அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்ல. அவள சக்கரத்துலயே விடுங்க.”

“என்ன எண்ணெங்க?” என்றார் முதலாளி.

“வெளக்கெண்ணெ.”

“எதுக்குங்க?”

“சத்தம் வந்துச்சு. ஓட்டை இருந்துச்சு. விட்டேன்.”

பாய் டிரம்முக்குள் தலையை விட்டுக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கோமதி சிரிக்கவில்லை. முகம் சிவந்து போயிற்று. போனை வாங்கி, அந்தப் பெண்ணைக் கூப்பிடச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அதன்பிறகு என்னைப் பார்த்து, “ஆச்சி, அந்த எறக்கத்துல போய்த் தெரிஞ்சிருந்தா?” என்று மட்டும் கேட்டாள். படித்தவள், தெரிந்தவள் என்று இத்தனை வருடம் நிமிர்ந்து திரிந்த தலை அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் பாருங்கள், இறக்கியதும் வலிக்கவில்லை. கழுத்து லேசாகத்தான் இருந்தது. அதுவும் ஏன் என்று தெரியவில்லை.

மறுநாள் பாய் புது லைனிங் போட்டு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறுக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, “கேளுங்க அக்கா” என்றார். சர்... சர்... என்றது. “எண்ணெ கேக்குதா?” என்றார். “கேக்கல, நீங்க மூடியப் போடுங்க பாய்” என்றேன்.

உத்திரத்தன்று விடியற்காலை கிளம்பும்போது கோமதி சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். “ஆச்சி, நேத்து எங்கயும் எண்ணெ விட்டியளா?”

“விடலட்டி.”

அந்த வார்த்தை என் வாயில் இருந்து அவ்வளவு சுலபமாக வந்தது எனக்கே திகைப்பாக இருந்தது. ஒரே ஒரு வார்த்தை.

இறக்கத்தின் தலைப்பில் கோமதி ஜீப்பை நிறுத்தி என்னை முன்சீட்டுக்கு மாற்றினாள். பொட்டியை அமுக்கி அமுக்கி இறங்கினாள். பின்வண்டி முட்டவில்லை, இழுக்கவில்லை. ஓடையில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். புழுதியில் இரண்டு கோடுகள், ஒன்றுக்கொன்று நீளம் குறையாமல். காளை முட்டி தேய்த்துக்கொண்ட இடம் அங்கேதான் எங்கேயோ இருக்க வேண்டும். எந்த இடம் என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

குப்பி இன்னும் இடுப்பில்தான் இருக்கிறது. மிச்ச எண்ணெயைச் சாஸ்தாவின் விளக்கில் விட்டேன். அது எரிகிற வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, நீங்கள் இத்தனை வருடமும் கேட்டதற்குப் பதில் சொன்னேன். காதில் விழுந்ததோ என்னவோ. அதனால் எழுதியும் வைக்கிறேன். எழுதத் தெரிந்தவள் நான்தானே.

அன்றைக்கு நான் எண்ணெய் விடவில்லை, மதினி.