வெற்றிலை போடப் போனவர்கள்

காலையில் எதிர்க்கடைக்காரர் கடை வாசல் நடைபாதையில், அதான் அஞ்சடியில், வெற்றிலைக் கூடையை இறக்கி ஈரச் சாக்கை விலக்கினார். வாசம் மாடி வரை ஏறி வந்தது. உங்களோடு நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் மறுவேலை என்று உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் காலத்தில் நடந்த நம் தமிழ்ச் சங்கத் தேர்தலில் நம் பக்கம்தான் அதிகம் பேர் ஜெயித்தார்கள். சிராங்கூன் ரோடே நம் வீட்டில் சாப்பிட்ட மாதிரி இருந்தது. சங்கக் கட்டடத்துப் பின்னறையில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், அந்தத் தீர்மானத்துக்காகவே தலைவராக நின்றீர்கள். நம் மகள் செல்லம் அப்போது சிறுமி. அவள்தான் அங்கே முதலில் சேரப்போகிறாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னீர்கள்.

உங்கள் கவலையெல்லாம் எதிர்த்தரப்பு. என் கவலை நம் ஆட்கள். பரிமாறுகிறவளுக்குப் பேச்சு காதில் விழும் அல்லவா? ஒருவருக்கு இங்கிலீஷ் பாடம் வேண்டும். இன்னொருவருக்கு இங்கிலீஷ் என்றாலே ஆகாது, சாமி பாட்டு போதும். துணிக்கடைக்காரருக்கோ யார் வீட்டுப் பிள்ளை யார் பக்கத்தில் உட்காரும் என்பதே பெரிய விசாரம். உங்களிடம் சொன்னேன்.

"என் வீட்டில சாப்பிட்டவன் என் முகத்துக்கு நேரா வேண்டாம்பானா?" என்றீர்கள்.

ஒருவரும் சொல்லவில்லைதான். கை தூக்கச் சொன்னதும் துணிக்கடைக்காரர் வெற்றிலை போட வெளியே போனார். பின்னாலேயே மற்றவர்களும் ஒவ்வொருவராய். தலைவர் எதிரில் வாயை மெல்லக்கூடாதாம், அத்தனை மரியாதை! எதிர்த்தரப்பு முழுசாக உட்கார்ந்திருக்க, நம் பக்கத்துப் பெஞ்சுகள் காலி. தீர்மானம் விழுந்தது.

நீங்கள் யாரையும் திட்டவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் தீர்மானத்திலிருந்து ஒருவருக்காக இங்கிலீஷை வெட்டினீர்கள், இன்னொருவருக்காகக் கணக்கை. எனக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, இன்னும் வெட்ட என்ன மிச்சம் இருக்கு?" என்று கேட்டேன்.

"கதவு திறக்கட்டும். மத்ததெல்லாம் தானா உள்ள வரும்," என்றீர்கள்.

கடைசியில் தீர்மானம் நிறைவேறி, கதவும் திறந்தது. ஆனால் அதற்குள் செல்லம் பெரியவளாகி வீட்டோடு இருந்துவிட்டாள். நான் படித்த அஞ்சாம் வகுப்பை வைத்துக்கொண்டு அடுப்படியில் சொல்லிக்கொடுத்ததுதான் அவளுக்குக் கிடைத்தது. பள்ளிக்கூடம் திறந்த அன்று தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வீட்டுக்கு வந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

போன வாரம் அங்கே ஆண்டு விழா. செல்லத்தின் மகள் மேடையேறி, தமிழும் இங்கிலீஷும் ஓர் எழுத்துப் பிசகாமல் வாசித்தாள். செல்லம் மூச்சு விடாமல் கேட்டாள். அடுத்து அந்தத் துணிக்கடைக்காரர் எழுந்தார், தலை நரைத்து. "இந்தப் பள்ளிக்கூடத்தை நாங்கள் ஒரே குரலில் நிறைவேற்றினோம்" என்றார். சபை கைதட்டியது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவள் அழுகிறேன் என்று முதுகைத் தடவினாள். இதைப் போய் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று வேகவேகமாய் நடந்து வந்து மாடிப்படியும் ஏறிவிட்டேன். கதவைத் திறந்து, உங்கள் படத்துக்குப் போட்ட மாலையைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அந்தச் சிரிப்பை இன்னும் யாரோடும் சிரித்து முடிக்கவில்லை.