சிங்கள வகுப்பில் நான் சிரித்தது

ஒக்டோபர் 6, திங்கள்
காலையிலிருந்து மழை. வெள்ளவத்தை முழுக்க ஈரம். துவைத்தது எதுவும் காயவில்லை.

நேற்று நான் எடுக்கும் சிங்கள வகுப்புக்கு ஆறே பேர். தொடங்கியபோது இருபது. கொட்டாஞ்சேனை மண்டபச் செயலாளர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "மாசக் கடைசிக்குள்ள பத்துப் பேராவது வராட்டி ஹோலை டான்ஸ் கிளாசுக்குக் குடுக்க வேண்டி வரும், மிஸ்."

ஏன் நின்றார்கள்? கேட்டால் "வேல, மிஸ்". எல்லோரும் கடைகளில் வேலை செய்யும் மலையகப் பெண்கள். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

ஆசிரியர் பயிற்சியில் காட்டிய கருவியை போனில் போட்டேன். சொற்களைக் கொடுத்தால், ஆட்கள் இணையத்தில் பொதுவில் எழுதுவதைப் பொறுக்கித் தருமாம். கொடுத்தவை: சிங்களம் பேச, சிங்கள வகுப்பு, கொட்டாஞ்சேனை. பார்ப்போம்.

ஒக். 7, செவ்.
வந்து குவிந்திருக்கிறது. பாதி குப்பை (வாடகை வீடு, காணாமல் போன பூனை). மீதி யூடியூப் கொமென்ட். எழும்பவே மனமில்லை. பருப்பு அடிப்பிடித்தது.

ஆட்கள் கேட்பது:
– பஸ்ஸை அடுத்த ஹோல்ட்டில் நிறுத்தச் சொல்ல
– டொக்டரிடம் மாதவிடாய் வலியைச் சொல்ல
– முதலாளியிடம் லீவு கேட்க, கெஞ்சாமல்

கெஞ்சாமல்! நான் நாலு மாதமாக நிறங்களும் பழங்களும் அல்லவா படிப்பிக்கிறேன். இதுதான் காரணம், பிடித்துவிட்டேன். புதுப் பாடம் எழுதத் தொடங்கியாயிற்று. ஒரே உற்சாகம்.

ஒக். 9, வியா.
மழை இல்லை. இன்று வந்த கொமென்ட் ஒன்று. எழுதியவரின் முகப்புப் படம் செம்பருத்தி, பெயர் இல்லை:

"நானும் கொட்டாஞ்சேனைல ஞாயித்துக்கெழம சிங்கள கிளாஸ் போறேன். நல்ல மிஸ். ஆனா தப்பா பேசுனா சிரிப்பாங்க. அதுனால வாயே தெறக்கிறதில்ல. நெறைய பேரு நின்னுட்டாங்க."

மூன்று தரம் வாசித்தேன். 'நல்ல மிஸ்' என்றதுதான் கூடச் சுட்டது.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்ல வந்து ஒருத்தி வேறேதோ சொன்ன நாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பாசத்தில் வந்த சிரிப்பு என்றுதான் இதுவரை நினைப்பு. அவள் அதன் பிறகு வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

எழுதியது யார்? ஆறு பேரில் ஒருத்தி. வரவு இடாப்பை எடுத்துப் பெயர்களில் விரல் வைத்தேன். பிறகு மூடினேன். துப்பறியவா இது?

ஒக். 12, ஞாயிறு
வெயில். பஸ்ஸில் கடைசி வரை நின்றபடி. அதே ஆறு பேர்.

கொமென்டைப் பற்றி மூச்சு விடவில்லை. "நீங்கள் பிழையாக் கதைச்சால் நான் சிரிக்கிறனான். அது என்ர பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இனி என்ன செய்வம், நீங்களே சொல்லுங்கோ."

பிறகு செல்வி, சேலைக்கடையில் வேலை, இத்தனை மாதமும் வாய் திறக்காதவள்:

"மிஸ், நாங்க தமிழ் பேசுற மாதிரி நீங்க ஒரு தடவ பேசிக் காட்டுங்க. நாங்க சிரிக்கிறோம்."

எழும்பினேன். "நாளைக்கு வேலைக்கு வர முடியாதுங்க, புள்ளைக்குக் காய்ச்சலுங்க..." வரை ஒப்பேற்றினேன். அடுத்ததாக என் ஊர்ப் பேச்சின் "கண்டியளோ" வந்து விழுந்தது. ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் காது மடல் கொதித்தது. எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது.

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைத் தூக்கினாள்.

"இருங்க மிஸ், நின்னு போனவங்களுக்கு அனுப்பணும். இன்னொரு தடவ பேசுங்க."

பேசினேன்.