நெல்லை நோகாமல் உதிர்க்கும் மிஷின்

என் ஆசை அண்ணாத்தே ஜோசப்புக்கு,

நீ சரிசெய்துவிட்டுப் போன அறுவடை மிஷின் வயலில் இறங்கிவிட்டது! இதை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. திருவொற்றியூர்ப் பட்டறையில் உட்கார்ந்து, கையில் கிரீஸோடு எழுதுகிறேன்.

பொன்னேரி பாக்கியம் அக்கா அந்த மிஷினை நம் பட்டறையில் விடும்போது சொன்னது ஞாபகமிருக்கா? நெல்லை உடைக்கிற மிஷின் என்று பேராகிவிட்டது, யாரும் கூப்பிடுவதில்லை, இந்த அறுவடையிலும் நொய்யாக வந்தால் காயலான் கடைதான் என்றாள். அவளுக்குப் பிழைப்பே அது ஒன்றுதான். நீ பெல்ட் ஓடும் புல்லிச் சக்கரங்களை மாற்றினாய். இன்ஜின் நிதானமாக ஓடினாலே போதும், கதிரடிக்கிற டிரம் நெல்லை நோகாமல் உதிர்க்கும், டீசலும் மிச்சம் என்றாய். அதை வயலில் பார்ப்பதற்குள் போய்ச் சேர்ந்தாயே, அப்படியென்ன அவசரம் உனக்கு?

உனக்குப் பதில் நான் போனேன். டிரைவர் குமார், மணலியில் டேங்கர் லாரி ஓட்டிவிட்டு இதற்கு வந்தவன். ஏறி உட்கார்ந்ததுமே ரேஸ் கொடுத்தான் பார், ஒரே கரும்புகை! தொட்டியில் விழுந்த முதல் நெல்லே உடைசல். பாக்கியம் அக்கா முகம் செத்துப்போனது.

"இன்னாபா, ஏன் இப்டி ரேஸ் குடுக்குறே?" என்று கத்தினேன்.

"மெதுவா வுட்டா சத்தமே இல்லக்கா. நின்னுடும்போல கீது. சத்தம் இல்லாத வண்டிய எப்டிக்கா நம்புறது?"

திட்டினேன். உன் பாணியிலேயே திட்டினேன், அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. ஒரு நிமிஷம் குறைப்பான், மறுபடியும் கை தானாக ஏற்றிவிடும். கடைசியில் என் போனில் அவனுக்குப் பிடித்த குத்துப் பாட்டைப் போட்டு, அவன் சட்டைப் பையில் செருகினேன். "இத்தக் கேட்டுகினே ஓட்டு" என்றேன். ரேஸ் கொடுத்தால் பாட்டு கேட்காது அல்லவா? கை இறங்கியது, அண்ணாத்தே! கூடவே பாடிக்கொண்டு அந்த வயலை முழுசாக அறுத்து முடித்தான்.

பாக்கியம் அக்கா தொட்டியில் கைவிட்டு அள்ளினாள், ஊதிப் பார்த்தாள். கையில் வந்த அத்தனையும் முழு நெல். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடியும் அழுதாள். கேனில் டீசல் மீந்திருப்பதை நம்பாமல் குமார் அதை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வரப்பில் நின்ற பக்கத்து வயல்காரர், "நாளைக்கு எங்க நெலத்துக்கு வந்துடும்மா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "யாரும்மா இத்த செஞ்சது?"

"எங்க அண்ணாத்தே."

"கெட்டிக்கார ஆளும்மா! அடுத்த தபா அவரையும் கூட்டினு வா."

இருந்த சந்தோஷத்தில் சரிங்க என்று தலையாட்டிவிட்டேன். ஆகவே அண்ணாத்தே, இனி அந்த மிஷின் எந்த வயலில் இறங்கினாலும் உன் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவேன். இது சத்தியம்.

உன்னோடு இன்னும் சண்டை பாக்கி வைத்திருக்கும் தங்கச்சி,
ஸ்டெல்லா