ஒரே வாய்க்காலின் எட்டு மடைகள்

கனமூலை,
மதுரங்குளி.
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகள் ஸம்ஹாவுக்கு உம்மா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், என் முழங்கால் மட்டும் அதில் சேரவில்லை. நீயும் மருமகனும் சின்னவளும் மெல்பேர்ணில் நலமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். போன் இருக்கும்போது உம்மாவுக்கு ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன். ஒரு வருடமாக உன்னிடம் மறைத்த ஒரு விசயம் இதில் இருக்கிறது. மர்ஷூதா மாமி செவ்வாய்க்கிழமை அங்கே தன் மகளைப் பார்க்க வருகிறா, அவவின் கையில் கொடுத்துவிடுகிறேன். முதலில் சந்தோசமான கதையைக் கேள். போன மாதம் நான் கொழும்பில் மேடை ஏறிவிட்டேன்.

நம்முடைய இறால் பண்ணையில் நான்கு குளத்திலும் தண்ணீர் பார்க்கும் கருவி பூட்டினேன் அல்லவா, உப்பு எவ்வளவு காற்று எவ்வளவு என்று போனுக்குச் சொல்லுமே, இறாலுக்குத் தீன் வைக்கும் தட்டைத் தூக்கிப் பார்த்து நோய்க்குறி கண்டால் அதையும் நாம் போனில் பதியலாம். அந்தக் கருவியை விற்ற கம்பனிதான் கூப்பிட்டது. 'வர்த்தகத்தில் டிஜிட்டல் மாற்றம்' என்று பெரிய மாநாடு, பெரிய ஹோட்டல். இந்தப் பக்கத்தில் கருவி பூட்டிய முதல் ஆள் என்று எனக்கு மேடையில் ஐந்து நிமிடம். துணைக்கு மர்ஷூதா மாமியும் வந்தா. அடுத்த பண்ணைக்கார இப்றாஹிமும் தனக்கும் கருவி பூட்டலாமா என்று பார்க்க அதே வேனில் வந்தார். ஹோட்டல் கதவு தானாகத் திறந்தபோது நான் அதற்கு ஸலாம் சொல்லாத குறைதான். என் கழுத்தில் ஒரு அட்டை மாட்டினார்கள், 'பளீலா, பிரதம நிறைவேற்று அதிகாரி' என்று. நான்கு குளத்துக்கும் ஒரு தண்ணீர் மோட்டாருக்கும் அதிகாரி. இங்கிலீசில் பேசுவதை ஒரு பெண் தமிழில் என் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தா, ஆனால் கொஞ்சம் பிந்தித்தான் வரும். பேசுகிறவர் பகிடி விட்டு சபை சிரித்து ஓய்ந்த பிறகு நான் மூன்று தடவை தனியாகச் சிரித்தேன், மர்ஷூதா மாமி என்னைக் கிள்ளினா. தேயிலைக்காரர், வங்கிக்காரர், ஆடை தைக்கும் கம்பனிக்காரர் எல்லாரும் தாங்கள் எப்படி மாறினோம் என்று சொன்னார்கள். எனக்கு ஒவ்வொன்றும் பிடித்தது, இன்னும் இரண்டு நாள் நடத்தினாலும் இருந்திருப்பேன். பகல் சாப்பாட்டில் இறால் வைத்தார்கள். தலை கறுத்துப்போன இறால், ஐஸில் கூடுதலாகக் கிடந்தது, நான் கோழியை எடுத்துக்கொண்டேன்.

மேடைக்குப் போனால் பின்னால் சுவர் அளவுக்கு என் படம். கம்பனியில் இருந்து தர்சிகா என்ற பிள்ளை என்னிடம் கேள்வி கேட்டா, யாழ்ப்பாணத்துத் தமிழ், கேட்கவே ஆசை. சொல்லித் தந்ததை எல்லாம் நன்றாகச் சொன்னேன். பிறகு எனக்கே ஒரு கேள்வி வந்துவிட்டது. குளத்தில் நோய் என்று நான் பதிந்தால் போன் யார் யாருக்குச் சொல்லும் என்று கேட்டேன். உங்களுக்கும் எங்கட ஒஃபிசுக்கும் மட்டும்தான் அம்மா, தன்ர குளத்தில நோய் வருத்தம் எண்டு பக்கத்து ஆளுக்குத் தெரியிறதை ஆரும் விரும்பமாட்டினம், நீங்கள் விரும்புவீங்களோ என்று அந்தப் பிள்ளை திருப்பிக் கேட்டா. எங்கள் பக்கத்து எட்டுப் பண்ணைக்கும் தண்ணீர் எடுக்கவும் விடவும் ஒரே வாய்க்கால் என்பது அந்தச் சபைக்கு எங்கே தெரியும். வாய்க்கால் சேரும் களப்பில் கடல் தண்ணீர் ஏறினால் தண்ணீர் ஒரு பக்கம் போகும், இறங்கினால் மறுபக்கம் போகும், ஒருவர் விடுவதை மற்றவர் எடுப்பார். மூன்றாம் வரிசையில் இப்றாஹிம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள், இதுதான் நான் மறைத்தது. போன வருடம் வெண்புள்ளி நோய் வந்தபோது, இப்றாஹிம் விட்ட தண்ணீரால் வந்தது என்று உன்னிடம் சொன்னேன். அது எனக்குத் தெரிந்து சொன்னதில்லை. பின்னேரம் தீன் தட்டில் புள்ளி கண்டேன், ஒருவருக்கும் சொல்லவில்லை. விடிய சுபஹ் தொழுதுவிட்டு, பிடிக்கக்கூடிய இறாலைப் பிடித்துவிட்டு, மருந்து போட்டு மறித்து வைக்க வேண்டிய தண்ணீரை மடை திறந்து வாய்க்காலில் விட்டேன். நான்கு நாளில் இப்றாஹிமின் மூன்று குளமும் செத்தது. என்னால்தான் என்று எனக்குத் தெரியும், அந்த வெட்கத்தை மறைக்கத்தான் பழியை அவர் மேல் போட்டேன். நீ அதை நம்பி, முதலாம் வகுப்பில் இருந்து உன் பக்கத்தில் இருந்த ஷம்லாவுடன் கதைப்பதை நிறுத்தினாய். இப்றாஹிமின் மகள் என்பதைத் தவிர அவள் என்ன செய்தாள். அதையும் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருந்தேன். மேடையில் உன் பகுதியைத் தவிர மற்றதெல்லாம் சொன்னேன். என் பெயரை முதலில் போடுங்கள், என் குளத்தில் நோய் என்றால் எட்டுப் பேருக்கும் போன் அடிக்கட்டும் என்றேன். செய்து தருகிறேன் என்று தர்சிகா மேடையிலேயே வாக்குக் கொடுத்தா. சபை எழுந்து கை தட்டியது. நான் இப்றாஹிமைத்தான் பார்த்தேன், அவர் தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது இப்றாஹிம் வேனின் முன் இருக்கையில் இருந்தார். மதுரங்குளிச் சந்தியில் இறங்கி, நான் இருந்த ஜன்னல் பக்கம் வந்து சொன்னார், ராத்தா, ஒங்கட தண்ணி வர முந்தியே என்ட குளத்துல புள்ளி இருந்த, நானும் மூணு நாளா அந்தத் தண்ணிய வாய்க்காலுக்குத்தான் விட்ட என்று. அப்படியானால் எனக்கு வந்ததே அவருடைய தண்ணீரால்தான். முதலில் கோபம் தலைக்கு ஏறியது. என் குற்றம் மனதைக் குத்தி நோன்பு முப்பதும் அந்த வீட்டுக்குக் கஞ்சி அனுப்பினேன், அந்த மனிதர் ஒரு நாள் கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறகு சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது, இரண்டு பேருக்கும் என்ன பைத்தியமா என்று மர்ஷூதா மாமி கேட்டா. நான் உன்னிடம் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது பார். ஆனாலும் அது பொய்தான், தெரியாமல் சொன்னது.

தர்சிகா சொன்ன வாக்குத் தவறவில்லை, இரண்டு கிழமையில் தானே இங்கே வந்து எட்டுப் பேரின் போனையும் சேர்த்துத் தந்தா. இரண்டு பேர் முரண்டு பிடித்தார்கள், இப்றாஹிம் தன் கதையைத் தன் வாயால் சொன்ன பிறகு அவர்களும் வந்தார்கள். நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எட்டுப் போனும் ஒன்றாகக் கத்தியது. இப்றாஹிமின் இரண்டாம் குளத்தில் நோய், அவரே பதிந்திருந்தார். நாங்கள் ஏழு பேரும் பத்து நிமிடத்தில் மடைக் கதவை இறக்கி அடைத்தோம், இந்த முழங்காலோடு நானும் ஓடினேன். அவர் ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே விடாமல் மறித்து மருந்து போட்டார். அவருடைய குளம் போய்விட்டது. மற்றவர்களுடைய இறால் இன்று காலை வரைக்கும் நன்றாகத் தீன் எடுக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

அங்கே குளிர் என்கிறாய், சின்னவளுக்குக் காலுறை போடாமல் விடாதே, போனைக் காட்டி அவளுக்குச் சோறு ஊட்டாதே. மருமகனுக்கு என் ஸலாம். அல்லாஹ் உங்கள் மூவரையும் தன் காவலில் வைத்து உழைப்பிலும் ஆயுளிலும் பரக்கத் தரட்டும், ஆமீன். ஒன்றை மட்டும் பிந்தாமல் செய். இதை வாசித்து முடித்ததும் ஷம்லாவுக்கு போன் எடு. என்னைப் பற்றி முதலில் சொல், மறைக்காதே. நேற்று அவளுடைய வாப்பா வாய் திறந்ததால்தான் இன்றைக்கு உன் உம்மாவின் குளத்தில் உயிர் இருக்கிறது.

உன் அன்பு உம்மா,
பளீலா