சண்டை நாள் மாத்திரை

பக்கத்து வீட்டில் இன்று நெத்திலிக் கருவாடு வறுக்கிறார்கள். நெல்லித்தோப்பில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். வாசனைக்குக் கதவு கிடையாது. டாக்டரம்மா உப்பு ஆகாது என்றதிலிருந்து நான் கருவாடு வாங்குவதில்லை. மூக்கு கேட்குமா? நீ வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டாய், தங்கச்சி.

உனக்கு அதுதானே சாப்பாடு. கடலோரம் கனகசெட்டிக்குளத்தில், மீன்பிடிக்கிற வீட்டில் உன்னைக் கட்டிக்கொடுத்தோம். உன் மகன் கடலுக்குப் போக மாட்டேன் என்று சேதராப்பட்டுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, உன் புருஷன் அந்தப் பழியை உன் தலையில் போட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. சோறு போட்டதும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார். அவர் சாப்பிடாமல் நீ சாப்பிட மாட்டாய். விடியலில் மீன் கூடை தூக்கிய உடம்பு சாயங்காலம் வரை காயும். அப்புறம் பழைய சோறும் கருவாடும்.

"இன்னாடி இது? அந்தாளு சாப்புடலன்னா நீ ஏன் பட்டினி கெடக்கற?" என்று கேட்டேன்.

"அவரு தள்ளுன தட்டப் பாத்தாலே தொண்ட அடைச்சிக்குதுக்கா."

தலைவலி, கிறுகிறுப்பு என்றாய். நான்தான் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தவர், நம்பாமல் மறுபடியும் கட்டிப் பார்த்தார்.

"வீட்ல எதுனா கவலையாம்மா? கோவத்த உள்ளயே வெச்சி அழுத்துனா பிரஷர் ஏறும். மாத்திரைய ஒரு நாள்கூட விடாதீங்க. கருவாட்ட விட்டுடுங்க."

அத்தனையும் கேட்டுவிட்டு, நீ கோபத்தை மட்டும் பிடித்துக்கொண்டாய். கோபத்தால் வந்த நோய், அதனால் அது கோபத்துக்கான மாத்திரை என்று நீயாக முடிவு செய்தாய். அவர் தட்டைத் தள்ளிய நாளில் ஒன்று போடுவாய். தள்ளாத நாளில் தொட மாட்டாய். நான் கத்தினால் சிரிப்பாய்.

"இன்னைக்கி சண்டையே இல்லக்கா, எதுக்கு வீணாக்கணும்? நீதான் எந்நேரமும் உர்ருன்னு கீற, நீ போட்டுக்கோ."

அப்புறம் பேத்தி பிறந்தாள். அவளைத் தூக்கி மடியில் வைத்த பிறகு உன் புருஷனுக்கு முகம் மாறியது. நீ போனில் அழுதுகொண்டே சிரித்தாய்.

"அவரே 'நீயும் குந்து, சேந்து சாப்புடலாம்'னாருக்கா. மாத்திர அட்ட அப்படியே கெடக்குது, பாத்துக்கோ."

"அடி பைத்தியம், போடுடி!" என்றேன். "மனசு நல்லாகீது, மாத்திர எதுக்கு?" என்று போனை வைத்துவிட்டாய்.

அந்த வாரமே மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் அருவாமனை மேல் சாய்ந்தாய். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மனசு ஆறினாலும், அத்தனை வருஷம் அடிபட்ட குழாய் அதோடு ஆறிவிடாதாம். நீ கண்ணைத் திறக்கவே இல்லை.

"இப்பதான சந்தோஷமா இருந்தா" என்று உன் புருஷன் மாரில் அடித்துக்கொண்டு அழுதார். நான் கிட்டே போகவில்லை. அந்த வீட்டில் இன்றுவரை ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. "வுட்டுடு பெரிம்மா, உனக்குதான் பிரஷர் ஏறுது" என்கிறான் உன் மகன். ஏறத்தான் செய்கிறது. அவர் பெயரைக் கேட்டாலே பிடரி விண்ணென்று தெறிக்கிறது. தெரிந்தும் விட முடியவில்லை.

போன வாரம் அவரே என் வீட்டுக்கு வந்தார். இளைத்திருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். பாதிக்கு மேல் பிரிக்காமல் இருந்தது.

"எனக்கும் பிரஷராம் அண்ணி. இப்பல்லாம் நான் யார்கிட்டயும் கோவப்படறதே இல்ல. இத தெனம் போடணுமா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது, தங்கச்சி. உன்னிடம் மறைப்பானேன்.

"போடுய்யா, தெனம் போடு. அவசரப்பட்டு அவகிட்ட போய்ச் சேந்துடாத. கொஞ்ச நாளாவது அவ நிம்மதியா சாப்புடட்டும்."

தலை நிமிராமல் ஒன்றைப் பிரித்து விழுங்கினார். தண்ணீர் நான்தான் மொண்டு கொடுத்தேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. தினமும் காலையில் போன் போட்டு, "போட்டாச்சா?" என்று மட்டும் கேட்கிறேன். "போட்டாச்சு அண்ணி" என்றதும் வைத்துவிடுகிறேன். வேறு பேச்சு இல்லை.